கல்வாழைப் பாத்தியில் குளியல் தண்ணீர்: வேளச்சேரிப் பக்கத்து அடுக்குமாடி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வேளச்சேரியிலிருந்து மேடவாக்கம் போகிற வழியில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது இந்தக் குடியிருப்பு. மூன்று மாடி, 12 வீடு, ஏறக்குறைய 40 பேர். குளிக்கிற, துவைக்கிற தண்ணீரைக் கல்வாழையும் சேம்பும் நட்ட ஜல்லிப் பாத்தி வழியாக விட்டு, தோட்டத்துக்கும் வண்டி கழுவவும் தரைத்தளப் பொதுக் கழிப்பறைக்கும் திருப்பி எடுக்கிறார்கள். திட்டம் போட்ட நாளிலிருந்து கூட இருந்து பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன். "செடி வெச்சா தண்ணி சுத்தமாயிடுமாமே சார்" என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். செடி செய்கிற வேலை கொஞ்சம், ஜல்லி செய்வது நிறைய, தண்ணீர் உள்ளே தங்கியிருக்கிற நேரம் செய்வது அதைவிட நிறைய. இது புரியாமல் கட்டினால் பாத்தி பூத்துக் குலுங்கும். தண்ணீர் வந்தபடியே போகும்.

எல்லாவற்றையும் தொடங்கி வைத்தது 2019 கோடை. செம்பரம்பாக்கமும் புழலும் வறண்டு, ஊரே லாரிக்குக் காத்துக் கிடந்த வருஷம். இந்தக் குடியிருப்பின் போர்வெல்லில் காற்றுதான் வந்தது. லாரிக்கு முன்பதிவு செய்துவிட்டு வாசலில் நின்றவர்கள், அதே நேரத்தில் நுரையோடு சாக்கடைக்குப் போகிற குளியல் தண்ணீரையும் பார்த்தார்கள். யோசனை புதிதல்ல. சென்னையில் வேதியியலாளர் இந்துகாந்த் ரகடே பல ஆண்டுகளுக்கு முன்பே குளியல், துவைப்புத் தண்ணீரைக் கல்வாழை மாதிரியான செடிகள் நட்ட மண்ணில் விட்டால் நிலத்துக்கே திருப்பலாம் என்று சொல்லியும் செய்து காட்டியும் வந்தவர். மழைநீர்ச் சேகரிப்பு 2003-ல் கட்டாயமானபோது ஊர் அதைப் பிடித்துக்கொண்டது, இதைப் பிடித்துக்கொள்ளவில்லை.

கட்டடம் பழையது என்பது இந்த இடத்தில் பெரிய அதிர்ஷ்டம். அந்தக் காலத்து வீடுகளில் வெளிச்சுவரில் இரண்டு பைப் தனித்தனியாக இறங்கும். ஒன்று கழிப்பறைக்கு, இன்னொன்று குளியலறைக்கும் துணி துவைக்கும் இடத்துக்கும். சமையலறைத் தொட்டியின் பைப் கட்டடத்தின் பின்பக்கம் தனியாக இறங்கியது. ஆக, குளியல் பைப்பை மட்டும் அடியில் வெட்டித் திருப்பினால் போதும். சுவரை உடைக்கவில்லை, டைல்ஸைத் தொடவில்லை. இப்போது கட்டுகிற பல கட்டடங்களில் எல்லாம் ஒரே குழாயில் இறங்குகிறது. அங்கே இந்த வேலையை நினைத்துப் பார்ப்பதே செலவு.

கணக்கு இப்படிப் போனது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகரங்களுக்கான அரசு அளவுகோல். அதில் குளியலும் துவைப்பும் 60 லிட்டர் என்று வைத்தோம். 40 பேருக்கு 2,400 லிட்டர். பாத்தியில் ஜல்லி 60 சென்டிமீட்டர் ஆழம். ஜல்லிக்கு நடுவே இருக்கிற வெற்றிடம் நூற்றுக்கு 40 பங்கு. அப்படியானால் ஒரு சதுர மீட்டர் பாத்தி 240 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். ஒரு நாள் தண்ணீருக்கு 10 சதுர மீட்டர். மூன்று நாள் தங்க வைக்க வேண்டுமென்றால் 30 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 320 சதுர அடி.

320 சதுர அடி என்றால் சென்னையில் இரண்டரை கார் நிறுத்தும் இடம். சண்டை அங்கேதான் வந்தது. பி.ஓ.டி. (தண்ணீரிலுள்ள அழுக்கின் அளவு), கோலிஃபார்ம் (குடல் கிருமி) என்று நான் கொண்டுபோன தாள்களை யாரும் புரட்டவில்லை, "யார் வண்டி வெளியே நிக்கும்?" என்பதுதான் கேள்வி. ஒரு நாள் தங்கினால் போதாதா என்று செயலாளர் கேட்டார். வடிகட்டப் போதும், கிருமிக்குப் போதாது என்றேன். கடைசியில் மேற்குச் சுவரோரம் 10 அடி அகலம், 32 அடி நீளத்தில் இடம் கிடைத்தது. அங்கே பழைய ஸ்கூட்டர்களும் யாரோ விட்டுப்போன தண்ணீர்த் தொட்டியும்தான் கிடந்தன. அந்த மூலையை மீட்டதற்காகவே நன்றி சொன்னவர்கள் உண்டு.

கட்டுமானத்தில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. செங்கல் சுவர், உள்பூச்சு, அடியில் நூற்றுக்கு ஒன்று என்ற மெல்லிய சரிவு. தண்ணீர் நுழைகிற முனையிலும் வெளியேறுகிற முனையிலும் ஒன்றரை அங்குல ஜல்லி, நடுவே முக்கால் அங்குல ஜல்லி. ஜல்லியை அப்படியே கொட்டக் கூடாது. கிரஷர் தூள் ஒட்டிக்கொண்டு வரும், அது அடியில் இறங்கிச் சேறாகி வழியை அடைத்துவிடும். இரண்டு நாள் ஹோஸ் பிடித்துக் கழுவ வைத்ததில் மேஸ்திரிக்கு என்மேல் கோபம். தண்ணீர் மட்டம் எப்போதும் ஜல்லியின் மேல்பரப்புக்கு இரண்டு மூன்று அங்குலம் கீழேதான் இருக்க வேண்டும். வெளியேறும் முனையில் திருப்பக்கூடிய எல்போ (வளைகுழாய்) ஒன்று வைத்தால் அதைச் சாய்த்து மட்டத்தை ஏற்றி இறக்கலாம். இந்தச் சின்ன எல்போவில்தான் கொசுப் பிரச்சினையே அடங்கியிருக்கிறது. மேலே தண்ணீர் தெரியாவிட்டால் கொசு முட்டையிட இடமில்லை.

பாத்திக்கு முன்னால் ஒரு படிவுத் தொட்டி, நடுவே தடுப்புச் சுவரோடு. இதைப் பற்றி எந்தப் பாடப்புத்தகமும் நம் ஊருக்கென்று சொல்லாத ஒன்று உண்டு: எண்ணெய்க் குளியல். வெள்ளியும் சனியும் காலையில் அந்தத் தொட்டியின் மூடியைத் திறந்தால் மேலே மஞ்சள் கலந்த எண்ணெய்ப் படலம், அதன்மேல் பழுப்பாகச் சீயக்காய் நுரை, ஓரத்தில் சுருண்டு கிடக்கும் முடி. அடியில் சீயக்காய்த் தூள் விரலளவு படிந்திருக்கும். தீபாவளி மறுநாள் கேட்கவே வேண்டாம். தடுப்புச் சுவர் எண்ணெயை மேலேயே நிறுத்திவிடுகிறது. வாட்ச்மேன் அண்ணன் வாரம் ஒருமுறை வலைக்கரண்டியால் வழித்தெடுக்கிறார். அவர் ஊருக்குப் போன வாரங்களில் பாத்தியின் நுழைவு முனையில் ஜல்லி வழவழப்பாகிவிடும். வாஷிங் மெஷினிலிருந்து வருகிற பஞ்சிழை இன்னொரு தொல்லை. அதற்கு வெளியேறும் குழாய் முனையில் பழைய நைலான் சாக்ஸ் கட்டச் சொன்னோம். பாதி வீடுகள்தான் கட்டின.

செடிக்கு வருவோம். கல்வாழைக் கிழங்கு அக்கம்பக்கத்து வீடுகளில் கேட்டாலே கிடைத்தது. சேம்பும் அப்படியே. வெட்டிவேர் நாற்று மட்டும் விலைக்கு வாங்கினோம். சம்புக் கோரை பள்ளிக்கரணையில் வேண்டிய மட்டும் நிற்கிறது, போய் நாலு பிடுங்கி வரலாமே என்று ஒருவர் சொன்னார். பள்ளிக்கரணை காப்புக்காடு, உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களின் ராம்சர் பட்டியலிலும் 2022-லிருந்து இருக்கிறது. அதோடு சம்பு ஒருமுறை வேர்விட்டால் மற்ற எதையும் வாழவிடாது. வேண்டாம் என்றுவிட்டோம். நட்ட புதிதில் சில வாரங்கள் நல்ல தண்ணீர்தான் விட்டோம். துளிர் வந்ததும் கழிவுநீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம்.

இனி, கிருமி எப்படிக் குறைகிறது? 1950-களில் ஜெர்மனியில், மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் கேத்தே சைடல் என்ற தாவரவியலாளர் கோரைகளைக் கழிவுநீரில் வளர்த்துப் பார்த்தார். நோய்க்கிருமிகள் குறைவதைக் கண்டு, வேரிலிருந்து கசிகிற பொருள்கள் கிருமியைக் கொல்வதாகச் சொன்னார். அந்தக் கசிவுக்குப் பங்கு உண்டு. ஆனால் அதன் பிறகு வந்த ஆய்வுகள் காட்டியது, பெரும்பாலான வேலை வேறு இடத்தில் நடக்கிறது என்பதை. ஜல்லியிலும் வேரிலும் வழவழவென்று ஒரு படலம் வளர்கிறது. அதில் வேறு பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. நம் குடலிலிருந்து வந்த ஈ.கோலை அந்தப் படலத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியதை ஒருசெல் உயிரிகள் மேய்கின்றன, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்கள் உடைக்கின்றன. மிஞ்சியது பட்டினி கிடந்து சாகிறது. 37 டிகிரி வயிற்றில் சாப்பாட்டோடு வாழ்ந்த உயிர், ஜல்லிக்கு நடுவே நாள் கணக்கில் தாக்குப்பிடிப்பது கஷ்டம். அதனால்தான் நேரம் முக்கியம்.

அப்படியானால் செடி எதற்கு? வேர் ஜல்லிக்குள் இறங்கிப் படலத்துக்கு இடம் தருகிறது. கல்வாழை, சம்பு, நாணல் மாதிரிச் செடிகளின் தண்டுக்குள் காற்றறைகள் உண்டு. அவை வழியாகக் கொஞ்சம் ஆக்சிஜன் வேர் நுனிவரை போய்க் கசிகிறது. பாத்தி முழுவதற்கும் போதாது, ஆனால் வேரைச் சுற்றி ஒரு மெல்லிய வளையத்தில் காற்று விரும்பும் பாக்டீரியா வாழ முடிகிறது. நைட்ரஜனையும் பாஸ்பரசையும் செடி உறிஞ்சும். அதுவும் அடர்ந்த கழிவுநீரில் மொத்தத்தில் சிறு பங்குதான். இன்னொன்றையும் எடுத்துக்கொள்ளும்: தண்ணீரை. கத்திரி வெயிலில் ஒரு நாளைக்கு 8 மில்லிமீட்டர் ஆவியானால் 30 சதுர மீட்டருக்கு 240 லிட்டர், உள்ளே வருவதில் பத்தில் ஒரு பங்கு. போகிற தண்ணீர் உப்பை விட்டுவிட்டுப் போகிறது. வெளியே வருவதில் டி.டி.எஸ்., அதாவது கரைந்த உப்பின் அளவு, கூடும். பாத்தி உப்பை எடுக்காது. இதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுவது நல்லது, இல்லையென்றால் பின்னால் வழக்கு வரும்.

பொங்கலுக்குள் பாத்தி ஓடத் தொடங்கியது. படலம் முதிர இரண்டு மூன்று மாதம் ஆகும் என்பதால் பரிசோதனைக்கு அவசரப்படவில்லை. மாதிரி எடுப்பதிலும் ஒழுங்கு வேண்டும். ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும், ஐஸ் பெட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் கொண்டு சேர்க்க வேண்டும். குடிநீர் பாட்டிலைக் கழுவிப் பிடித்துக்கொண்டு போய், மாலையில் கொடுத்து வாங்கிய அறிக்கைக்கு எந்த மதிப்பும் இல்லை.

அறிக்கை வந்ததும் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கைதட்டல். மலக் கோலிஃபார்ம் உள்ளே லட்சக் கணக்கில், வெளியே ஆயிரக் கணக்கில். 99 சதவீதம் போய்விட்டது. குளியல் தண்ணீரில் மலக் கோலிஃபார்ம் எப்படி என்று ஒரு மாமி முகம் சுளித்தார். குழந்தைத் துணி துவைக்கிற எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஆனால் இந்த 99 சதவீதம் என்ற கணக்கு ஆளை ஏமாற்றும். 100 மில்லிலிட்டரில் ஒரு லட்சம் இருந்தால், 99 சதவீதம் போன பிறகும் ஆயிரம் இருக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுப்படி ஆற்றில் குளிக்க 500 இருந்தால் நல்லது, 2,500-ஐத் தாண்டவே கூடாது. குடிநீர் என்றால் 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூடத் தெரியக் கூடாது. ஆக, பாத்தியிலிருந்து வந்தது கண்ணாடி மாதிரி இருந்தாலும், மணமே இல்லாமல் இருந்தாலும், கீரைக்குத் தெளிக்கிற தண்ணீர் அல்ல. மரத்தின் வேரடியில் விடலாம். வண்டி கழுவவும் கழிப்பறைக்கும் என்றால் குளோரின் போட்டே ஆக வேண்டும். பாத்தியின் பெரிய உதவியே இங்கேதான்: கலங்கலும் நுரையும் போன பிறகு குளோரின் கொஞ்சம் போட்டாலே வேலை செய்கிறது. நேரே குளியல் தண்ணீரில் கொட்டினால் அழுக்கோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும்.

ஒருவர் ஆர்வத்தில், மிச்சத் தண்ணீரை மழைநீர்க் கிணற்றில் விட்டுவிடலாமா என்றார். கூடவே கூடாது. அந்தக் கிணறு நேராக நிலத்தடிக்குப் போகிறது. மண் வடிகட்ட வாய்ப்பே இல்லை. அடுத்த தெருவில் யாரோ போர்வெல்லில் அதைத்தான் இறைத்துக் குடிப்பார்கள்.

பிறகு 2020 மார்ச். ஊரடங்கு வந்ததும் எல்லோரும் வீட்டில். வெளியே போய்வந்தால் குளியல், காய்கறி வாங்கி வந்தால் குளியல், நாளுக்கு இரண்டு தடவை துவைப்பு. தண்ணீர் கூடினால் தங்கும் நேரம் குறையும்; மூன்று நாள் என்று போட்ட கணக்கு இரண்டு நாளுக்கு வந்துவிட்டது. அது போதாதென்று பயத்தில் வாளி வாளியாகக் கிருமிநாசினியையும் பிளீச்சிங் பவுடரையும் குளியலறையில் ஊற்றினார்கள். பாத்தி வேலை செய்வதே கிருமிகளை வைத்துத்தான். சில வாரத்தில் அழுகிய முட்டை நாற்றம் வந்தது, நுழைவு முனையில் கல்வாழை இலை ஓரம் கருகியது. நாங்கள் செய்தது எளிது: அறிவிப்புப் பலகையில் இரண்டு வரி எழுதி ஒட்டினோம், எல்போவைச் சாய்த்து மட்டத்தை நன்றாக இறக்கி ஜல்லிக்குள் காற்றுப் போகவிட்டோம், ஒரு வாரம் தண்ணீரைப் பழையபடி சாக்கடைக்கே திருப்பினோம். பாத்தி தானாகத் தேறிவிட்டது. இயந்திரம் வைத்த சுத்திகரிப்பு நிலையங்களில் இப்படி ஒரு அடி விழுந்தால் ஆளைக் கூப்பிட வேண்டியிருக்கும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வேறு ரகம். பள்ளிக்கரணைப் பக்கம் முழுக்கத் தண்ணீர். தெரு மேன்ஹோல் எதிர்த்துக்கொண்டு வந்து, பாத்தி முழங்கால் ஆழத்தில் கழிப்பறைத் தண்ணீருக்குள் கிடந்தது. வடிந்த பிறகு ஜல்லியின்மேல் கறுப்பு வண்டல். கல்வாழை ஒன்றும் ஆகாதது மாதிரி நின்றது. அதன் இயல்பு அது. ஆனால் நுழைவு முனையில் ஆறடி நீளத்துக்கு ஜல்லியை அள்ளிக் கழுவித் திரும்பப் போட வேண்டியிருந்தது. சென்னையில் இப்படிப் பாத்தி கட்டுகிறவர்கள் சுவரைத் தெருமட்டத்தைப் பார்த்து உயர்த்த வேண்டும், சாக்கடைக்குப் போகிற குழாயில் எதிரோட்டத் தடுப்பு வால்வு போட வேண்டும். நாங்கள் வால்வை அதன் பிறகுதான் போட்டோம்.

யாரும் கேட்காத, ஆனால் பாத்தியின் ஆயுளை முடிவு செய்கிற கேள்வி: வெட்டுவது யார்? கல்வாழை பூத்து முடிந்த தண்டை அடியோடு அறுத்து வெளியே எடுத்தால்தான் அது உறிஞ்சிய பாஸ்பரஸ் வெளியேறுகிறது. அறுக்காவிட்டால் இலை மட்கி, எடுத்ததை எல்லாம் அதே தண்ணீரில் திருப்பிக் கொடுத்துவிடும். கடன் வாங்கியவன் வட்டியோடு கொடுத்த கதைதான். இங்கே மாதம் இருமுறை வருகிற தோட்டக்காரர் அறுக்கிறார்; குளியல் தண்ணீரில் ஈயம், குரோமியம் மாதிரிக் கன உலோகங்கள் பொருட்படுத்தும் அளவுக்கு இருக்காது என்பதால் தண்டை நறுக்கி உரக்குழியில் போடுகிறோம். தொழிற்சாலைக் கழிவு கலக்கிற நீரில் வளர்ந்த செடியை அப்படிச் செய்ய முடியாது.

இந்தப் பாத்தியைப் பார்த்துவிட்டு, ஏரியிலும் இதையே செய்யலாமே என்று கேட்கிறவர்கள் நிறைய. ஏரிகளில் ஏற்கெனவே ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறதே, அது ஏன் சுத்தம் செய்யவில்லை? ஆகாயத்தாமரை உண்மையிலேயே திறமையான செடி. 1970-களில் அமெரிக்காவில் நாசா விஞ்ஞானி பில் வுல்வர்டன் அதைக் கழிவுநீர்க் குட்டைகளில் வளர்த்துக் காட்டியிருக்கிறார். ஆனால் அவர் வளர்த்தது அறுவடையோடு. ஒன்றிரண்டு வாரத்தில் இரட்டிப்பாகிற செடியை அறுக்காமல் விட்டால் நீர்ப்பரப்பை மூடி வெளிச்சத்தையும் காற்றையும் தடுக்கிறது, அடியில் அழுகி இருக்கிற ஆக்சிஜனையும் தின்கிறது. மான்சோனியா என்ற கொசுவின் புழு இந்த மிதக்கும் செடிகளின் வேரைத் துளைத்து, அதிலிருக்கும் காற்றைச் சுவாசித்து வாழ்கிறது. யானைக்கால் நோயைப் பரப்புகிற கொசு அது.

மிதவைப் பாத்திகள் இன்னொரு வழி. ஐதராபாத் நெக்னாம்பூர் ஏரியில் 2018-ல் 3,000 சதுர அடிக்கு ஒன்று விட்டார்கள். சென்னையிலும் செம்பாக்கம் ஏரியை மீட்கிற பணியில் ஏரிக்குள் வரும் கழிவுநீரை இயற்கை முறையில் சுத்திகரிப்பது ஒரு பகுதி. நல்ல முயற்சிகள். ஆனால் அளவைப் பார்க்காமல் பேசக் கூடாது. நம் பாத்திக் கணக்கையே நீட்டினால், ஒரு நாளைக்கு 10 லட்சம் லிட்டர் தண்ணீரை மூன்று நாள் தங்க வைக்க 12,500 சதுர மீட்டர், அதாவது 3 ஏக்கர். சென்னையின் சுத்திகரிப்பு நிலையங்களின் மொத்தக் கொள்ளளவு நாளொன்றுக்கு 70 கோடி லிட்டருக்கு மேல். அதை இந்த வழியில் செய்வதென்றால் 2,100 ஏக்கருக்கு மேல் வேண்டும். ராம்சர் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணையின் பரப்பு 1,247 ஹெக்டேர், ஏறத்தாழ 3,080 ஏக்கர். அதில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். ஆகவே கழிவுநீர் நேராக விழுகிற ஏரியில் நாலு மிதவையை விட்டுப் படம் எடுத்துக்கொள்வதில் பொருளில்லை. முதலில் விழுகிற குழாயை மூட வேண்டும். மீதி இருப்பதைத் தேய்த்து மெருகேற்றத்தான் செடி.

குடியிருப்புக்குத் திரும்புவோம். நாளுக்கு இரண்டாயிரம் லிட்டருக்கு மேல் வெளியே வந்தாலும், தோட்டமும் வண்டிகளும் கழிப்பறையும் சேர்ந்து அதில் பாதிதான் எடுத்துக்கொள்கின்றன. மாடி வீடுகளின் ஃப்ளஷ் தொட்டிகளுக்கு ஏற்ற வேண்டுமென்றால் ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் குழாய் இழுக்க வேண்டும். அந்தச் செலவுக்கு யாரும் கை தூக்கவில்லை. மிச்சம் சாக்கடைக்குத்தான் போகிறது, முன்னைவிடச் சுத்தமாக. சமையலறைத் தண்ணீரையும் சேர்க்க, எண்ணெய் பிரிக்கும் தொட்டியோடு இரண்டாவது பாத்தி ஒன்றை வரைந்து போன பொதுக்குழுவில் வைத்தேன். கேட்டது ஒன்றரை கார் இடம். அந்த இடத்தில் மின்சாரக் காருக்குச் சார்ஜர் வைப்பதாக முடிவாயிற்று.